வெளிநாட்டுப் பயணத்தில் முன்பின் அறியாத ஒருவர் உங்களுக்குச் செய்த சிறு உதவி எது?

கேள்வி கேட்டவர் முதன்முறையாகக் கடல் கடந்து போகவிருக்கிறார் என்றும், நடுவழியில் ஏதேனும் நேர்ந்தால் யார் வருவார் என்ற கவலையில் கேட்கிறார் என்றும் எடுத்துக்கொள்கிறேன். இப்படிக் கேட்டாலே எல்லோரும் ஜப்பானையும் ஐரோப்பாவையும் சொல்கிறார்கள். வளைகுடா நாடுகளைப் பற்றி அவதிக் கதைகளைத் தவிர வேறு பேச்சே எழுவதில்லை. அந்த ஆற்றாமையால்தான் எழுதுகிறேன்.

நான் அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மகன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். நமக்குக் குற்றாலச் சாரலைத் தரும் அதே தென்மேற்குப் பருவக்காற்று, ஜூன் பிற்பகுதி முதல் செப்டம்பர் வரை ஓமனின் தென்கோடியிலுள்ள சலாலாவில் தூறலும் பனிமூட்டமுமாக இறங்கி, மலைகளையெல்லாம் பச்சையாக்கிவிடும். ‘கரீஃப்’ என்று அதைச் சொல்கிறார்கள். சீசன் நேரத்தில் ஊரில் இல்லையே என்று நான் புலம்பியதைக் கேட்டு, ஓர் ஆகஸ்டு மாதம் மகன் வாடகைக் காரில் அங்கே அழைத்துச் சென்றான். மஸ்கட்டிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். நிஸ்வா, ஆதம் என்ற ஊர்களைத் தாண்டிவிட்டால் இருபுறமும் பொட்டல்தான். நம் தேரிக்காட்டில்கூட நாலு பனைமரமாவது கண்ணில் படும்.

ஹைமா என்ற ஊருக்கு அரை மணி நேரப் பயணம் இருந்தபோது பின்பக்க டயர் வெடித்தது. ஸ்டெப்னியை இறக்கிப் பார்த்தால் அதில் காற்றே இல்லை. வாடகை நிறுவனத்தாரோ ஆள் அனுப்ப மறுநாளாகும் என்றார்கள். உச்சிவெயில், உடன் என் மனைவி, மருமகள், கைக்குழந்தையாகப் பேத்தி.

பின்னால் இரண்டு ஒட்டகங்களை ஏற்றிக்கொண்டு போன ஒரு பிக்கப் வண்டி, எங்களைக் கடந்த பிறகு பின்னோக்கி வந்து நின்றது. இறங்கியவருக்கு ஐம்பது வயதிருக்கலாம். கூடவே பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க அவருடைய மகன். என் மகனுக்குத் தெரிந்த அரைகுறை அரபியும் அவருக்குத் தெரிந்த அரைகுறை இந்தியும் போதுமானதாக இருந்தன. ஹைமாவில் காற்றடித்துக்கொண்டு வரலாம் என்று ஸ்டெப்னியை வண்டியில் தூக்கிப் போட்டு, என் மகனை ஏறச் சொன்னார். பெண்களை அந்த வெட்டவெளியில் விட்டுவிட்டு எப்படிப் போவது என்று அவன் தயங்கியதைக் கண்டதும், தன் பையனிடம் ஏதோ சொல்லி இறக்கிவிட்டார். ஒரு பாய், தண்ணீர்ப் புட்டிகள், காவா எனும் அரபுக் காப்பி நிறைந்த பிளாஸ்க், ஒரு டப்பா பேரீச்சம்பழம் ஆகியவற்றோடு அந்தச் சிறுவன் எங்களுக்குத் துணையாக நின்றான். தன் பிள்ளையை முன்பின் தெரியாத எங்களிடம் விட்டுவிட்டு, எங்கள் பிள்ளையை அவர் அழைத்துச் சென்றார்.

ஏலக்காய் மணக்கும் அந்தக் கசப்புக் காப்பியைச் சிறிய கிண்ணத்தில் அவன் ஊற்றிக்கொண்டே இருந்தான். போதுமென்றால் கிண்ணத்தை இப்படிப் பக்கவாட்டில் ஆட்ட வேண்டும் என்று அவனே செய்து காட்டிச் சிரித்தான். திரும்பி வந்தவர் சக்கரத்தையும் மாட்டிக்கொடுத்தார். மகன் பணம் நீட்டியபோது அவர் முகம் சற்றே சுருங்கியது. நிலைமையைச் சரிசெய்தவள் என் மனைவிதான். வீட்டில் செய்து கொண்டுவந்திருந்த முந்திரிக்கொத்தை ஒரு பொட்டலமாகப் பையன் கையில் கொடுத்தாள். அதை மட்டும் பெற்றுக்கொண்டார்கள்.

நாங்கள் என்ன மதம், என்ன பெயர் என்று கடைசிவரை அவர் கேட்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில், வழிகேட்டு வந்தவனுக்குச் செம்பில் தண்ணீர் கொடுப்பதற்குள் எந்த ஊர் என்பார்கள். ஊரைச் சொன்னால் எந்தத் தெரு என்பார்கள். தெரு தெரிந்த பிறகுதான் செம்பா, பிளாஸ்டிக் தம்ளரா என்பது முடிவாகும். சொந்த ஊரை இழிவுபடுத்துகிறேன் என்று யாரும் சினக்க வேண்டாம். வழிப்போக்கருக்காகச் சுமைதாங்கிக் கல்லும் கல்மண்டபமும் கட்டிவைத்தவர்கள் வாழ்ந்த சீமைதான் இது; அதனால்தான் கேட்கிறேன்.

ஒரே ஒருவரை வைத்து ஒரு நாட்டையே புகழலாமா என்றும் கேட்பீர்கள். வளைகுடாவில் கடவுச்சீட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, பேசிய சம்பளத்தைத் தராமல் அலைக்கழிக்கப்பட்டவர்கள் எங்கள் வட்டாரத்திலும் இருக்கிறார்கள். என் மாணவர்களிலேயே உண்டு. வேலை கொடுப்பவரோடு ஆளையே கட்டிப்போடும் கஃபாலா முறையை நான் ஒருபோதும் நியாயப்படுத்த மாட்டேன். அந்தக் கொடுமையும் இந்த மனிதரும் ஒரே மண்ணில்தான் இருக்கிறார்கள்.

நீங்கள் அந்தச் சாலையில் போவதானால், ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று புறப்படுமுன் நீங்களே அழுத்திப் பார்த்துவிடுங்கள். எங்களுக்குக் கார் கொடுத்தவர்கள் வெடித்த டயரின் விலையை முன்பணத்தில் கழித்துக்கொண்டார்களே தவிர, காற்றில்லாத ஸ்டெப்னியைப் பற்றி மகன் எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் அனுப்பவில்லை.