நல்ல கையைக் கட்டிப் போடலாமா?

கேள்வி: என் மகனுக்கு நான்கரை வயது. மூளை முடக்குவாதத்தால் வலது கை விரல்களை மடக்கியே வைத்திருக்கிறான். பாட்டி தினமும் எண்ணெய் தேய்த்து நீவிவிடுகிறார். நானும் விரல்களை நீட்டிவிடுகிறேன். பெரிய முன்னேற்றமில்லை. இடது கையைக் கட்டிப் போட்டால் வலது கை வேலை செய்யும் என்கிறார்கள். செய்யலாமா?
– ஒரு தாய், விருதுநகர்

பதில்: எண்ணெய் தேய்ப்பதை நிறுத்த வேண்டாம், குழந்தைக்குச் சுகம், பாட்டிக்கு நிறைவு. ஆனால் நாம் நீட்டிவிடுவதால் கை வேலை கற்பதில்லை. பழுது இருப்பது மூளையில். தனக்கு வேண்டிய ஒன்றுக்காகக் குழந்தை தானே அந்தக் கையைத் திரும்பத் திரும்ப முயலும்போதுதான் மூளை பழகும்.

கட்டிப் போடும் யோசனைக்கு ஆதாரம் உண்டு. உணர்விழந்த கையைக் கைவிட்டுவிட்ட குரங்குகள், நல்ல கையைக் கட்டியதும் அதை மறுபடி பயன்படுத்தியதை அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் கண்டார். அதிலிருந்து பிறந்த சிகிச்சையில், நல்ல கைக்கு மென்மையான உறை மாட்டி, தினமும் சில மணி நேரம் பயிற்சியாளர் முன்னிலையில் விளையாடவிடுவார்கள். வீட்டில் துணியால் கட்டிவிடாதீர்கள். தடுக்கினால் ஊன்றக் கை இருக்காது.

இரு கைகளையும் சேர்த்துப் பழக்கும் முறையும் உண்டு. பயிற்சி நேரம் சமமாக இருந்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே பலனைத் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. நான் இரு கைப் பயிற்சியையே முதலில் சொல்வேன். ஏனெனில் உங்கள் மகனின் வலது கை பெரும்பாலும் துணைக் கையாகவே இருக்கப்போகிறது.

அவனுக்குப் பிடித்த பண்டத்தை அகலமான டப்பாவில் போட்டு, மூடியைத் தளர்வாக வைத்து, அடியில் ஈரத்துணி விரித்துக் கொடுங்கள். வலது கை அழுத்திப் பிடிக்க, இடது கை திறக்கட்டும். முதலில் டப்பா நழுவும். நம் கை தானாக நீளும், அடக்கிக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் அவன் கையைப் பிடித்துச் செய்துகாட்டாமல் டப்பாவை மாற்றுங்கள். சப்பாத்தி மாவு உருட்டுவது, பட்டாணி உரிப்பது, பொத்தான் போடுவது என்று மெல்ல நகரலாம். குறிப்பிட்ட வேலைகளில் தேர்ச்சி காண 14 முதல் 25 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்பது இப்போதைய கணிப்பு; தினம் அரை மணி என்றால் ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை மாதம். வாரம் ஒருமுறை மருத்துவமனைக்குப் போய்வருவது மட்டும் ஏன் போதவில்லை என்பது இப்போது புரியும்.

விரல்கள் விரியவே மறுத்தால் தசை இறுக்கத்தைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அதன் தளர்ச்சி ஏறக்குறைய மூன்று மாதமே நிற்கும். அந்த இடைவெளியில் பயிற்சி இல்லையென்றால் ஊசி வீண். அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டை (அன்றாட வேலைகளுக்குப் பழக்கும் பயிற்சியாளரை) பார்க்கும்போது, ‘கை சரியாக வேண்டும்’ என்று சொல்லாமல், ‘சட்டைப் பொத்தானை அவனே போட வேண்டும்’ என்று ஒரே ஒரு வேலையைச் சொல்லிக் கேளுங்கள்.