வாசகர் கேட்டவை: அன்னாசித் தோலில் அசிட்

வெள்ளவத்தையில் ஜூஸ் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர்: நாளுக்கு முப்பது நாற்பது அன்னாசி சீவுகிறோம். தோலெல்லாம் குப்பை லொறிக்குத்தான் போகிறது. பழக்கழிவில் பூஞ்சணம் வளர்த்து சிட்ரிக் அசிட் எடுக்கலாமாம் என்று மகன் நச்சரிக்கிறான். உண்மையா? கடைக்குப் பின்னால் ஒரு வாளியில் செய்யலாமா?

மகன் சொல்வது உண்மைதான் அண்ணா. வாளிதான் சரிவராது.

கடையில் இருக்கிற சோடாப் போத்தலைத் திருப்பிப் பாருங்கள், ஈ330 என்று இருந்தால் அது சிட்ரிக் அசிட், மகனின் பாடப் புத்தகத்தில் சித்திரிக்கமிலம். 1784இல் ஷீலே என்ற சுவீடன் இரசாயனவியலாளர் எலுமிச்சஞ் சாற்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார், அதற்குப் பிறகு நெடுங்காலம் இத்தாலி எலுமிச்சைதான் உலகத்துக்கே புளிப்புக் கொடுத்தது. 1917இல் ஜேம்ஸ் கரி என்ற அமெரிக்கர், சீனிக் கரைசலில் அஸ்பஜிலஸ் நைஜர் என்ற பூஞ்சணத்தை வளர்த்தால் அது சிட்ரிக் அசிட்டைத் தாராளமாகக் கொடுக்கிறது என்று எழுதினார். யாரடா அது என்று தேட வேண்டாம், வெங்காயத் தோலில் கரித்தூள் மாதிரி ஒட்டியிருக்குமே, பெரும்பாலும் அதுதான். இன்று கடைகளில் விற்கும் சிட்ரிக் அசிட் கிட்டத்தட்ட எல்லாமே அதன் உழைப்பு. பைக்கற்றில் எலுமிச்சைப் படம் சும்மா அழகுக்கு.

அன்னாசித் தோலில் சீனி இருக்கிறது, ஈரமும் இருக்கிறது, பூஞ்சணத்துக்குப் பிடித்த 30 பாகை வெப்பம் கொழும்பில் சும்மாவே கிடைக்கிறது. தோலை அரைத்து, அவித்துக் கிருமி நீக்கி, பூஞ்சணத்தின் விதை மாதிரியான வித்திகளைத் தூவினால் சில நாட்களில் அசிட் சேரத் தொடங்கும். ஆனால் இந்தப் பூஞ்சணம் கொஞ்சம் பிடிவாதக்காரன். நல்ல புளிப்பான சூழலில் வைத்தால்தான் சிட்ரிக் தரும், புளிப்புக் குறைந்தால் ஒட்சாலிக் அசிட் பக்கம் சாய்ந்துவிடும், அது சிறுநீரகத்தில் கல்லாகப் படிகிற சாமான். கரைசலில் வளர்க்கும்போது மங்கனீசு துளியளவு கூடினாலும் விளைச்சல் விழும். சரி, இதெல்லாம் கைகூடி அசிட் வந்துவிட்டது என்றே வையுங்கள், அது தோலும் பூஞ்சணமும் கலந்த கூழுக்குள் அல்லவா கிடக்கிறது? பிழிந்து வடித்து, சுண்ணாம்பு போட்டுப் படிய வைத்து, அந்தப் படிவில் சல்பூரிக் அசிட் ஊற்றிப் பிரித்து, பிறகு பளிங்காக்க வேண்டும். தோல் சும்மா கிடைக்கும், காசு போவது இங்கேதான். வாளியில் தானாக வளர்ந்தது எந்தப் பூஞ்சணம் என்றும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, சிலது நஞ்சு சுரக்கும். வித்திகள் பறந்தால் ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது, அதுவும் சாப்பாட்டுக் கடையில்!

ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்றால் வினாகிரி போடுங்கள். கழுவிய தோலைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, கொதித்தாறிய தண்ணீர் லீற்றருக்கு 100 கிராம் சீனி கரைத்து ஊற்றி, தோல் மேலே மிதக்காமல் அமுக்கி, துணியால் மூடுங்கள். ஒரு வாரம் நுரைக்கும், வடித்துவிட்டு இன்னும் மூன்று நாலு வாரம் விட்டால் புளிக்கும். நுரைக்க வைக்கிற மதுவமும் (ஈஸ்ட்) பூஞ்சணத்தைப் போலவே பங்கசு இனம்தான், மகனிடம் சொல்லுங்கள், பாதி ஆசை நிறைவேறும். மிச்சப் புளிப்பு பற்றீரியாவின் வேலை. மேலே பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சு மாதிரிப் படர்ந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகி: பப்பாசியில் பூஞ்சணம் பிடித்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாமா?

வேண்டாம் அக்கா. பப்பாசி மென்மையான பழம், வெளியே ஒரு பொட்டுத்தான் தெரியும், பூஞ்சணத்தின் நூல் மாதிரி இழை உள்ளே எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறதென்று தெரியாது. முழுசாக எறியுங்கள், பக்கத்தில் இருந்த பழங்களையும் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்.