என்ஜின் அறைக்கு மறுபடி பெயிண்ட்: கேள்வி பதில்

பழைய காரின் என்ஜின் அறையைத் தேய்த்துப் பெயிண்டுக்குத் தயார் செய்வது பற்றிச் செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

கானாடுகாத்தான் வாசகர்: அண்ணே, அப்பச்சியின் அம்பாசடர் வெகுநாளாகக் கொட்டகையில் நிற்கிறது. என்ஜினை இறக்கியாயிற்று. உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்கலாமா?

வேண்டாம், தம்பி. முதலில் பிசுக்கு போகட்டும். பிசுக்கின் மேல் தேய்த்தால், தாள் போடும் ஒவ்வொரு கீறலுக்குள்ளும் எண்ணெய் இறங்கிவிடும். அப்புறம் தின்னர் போட்டுத் துடைத்தாலும் முழுதாக வராது. பெயிண்ட் அடித்த கையோடு வட்ட வட்டமாகக் குழி விழும். ஒயர் முனைகளைப் பிளாஸ்டிக் பையால் கட்டிவிட்டு, பிசுக்கு நீக்கும் திரவத்தைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தகட்டில் படர்ந்து ஓடினால் சுத்தம். முத்து முத்தாக நின்றால் பிசுக்கு பாக்கி இருக்கிறது, திரும்பக் கழுவுங்கள்.

தேவகோட்டை வாசகர்: எந்த எண் தாள் வாங்குவது?

துரு உள்ள இடத்துக்கு 80. அது போடும் ஆழமான கீறல்களை 180, அடுத்து 320 கொண்டு தணிக்க வேண்டும். பழைய பெயிண்ட் கெட்டியாகப் பிடித்திருந்தால் தகடு வரை போகாதீர்கள். பளபளப்பு மங்கும்வரை 320-இல் தேய்த்தால் போதும். பெயிண்டும் தகடும் சேரும் ஓரத்தில் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டுங்கள். படி தட்டினால் இன்னும் தேய்க்க வேண்டும்.

ஃபயர்வால் (என்ஜின் அறைக்கும் காரின் உள்பக்கத்துக்கும் நடுவிலுள்ள தகடு) மடிப்பு, பிராக்கெட்டுகளின் பின்புறம் போன்ற இடங்களில் தாள் நுழையாது. பெயிண்ட் கடையில் கிடைக்கும் சிவப்பு நாரை விரலில் சுற்றித் தேயுங்கள். பெரும்பாலும் அந்த மூலைகளில்தான் பெயிண்ட் முதலில் உரிகிறது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். தூசி பறக்காமல் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, உடனே உலர்த்திவிடுங்கள்.

காரைக்குடி வாசகர்: பேட்டரித் தட்டில் வெள்ளைப் பொடியும் துருவும். பட்டி போட்டு மூடிவிடலாமா?

கூடவே கூடாது. அமிலம் கசிந்த இடம் அது. கையுறை போட்டுக்கொண்டு, சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, நுரை அடங்கும்வரை ஊற்றிக் கழுவுங்கள். பிறகு கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால் அந்தத் துண்டை வெட்டிப் புதுத் தகடு வெல்டிங் செய்வதுதான் வழி. 1953-இல் உங்கள் ஊரில் திறக்கப்பட்ட சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி) ஆய்வகத்தின் முக்கியத் துறைகளில் உலோக அரிமானமும், அதாவது துருப்பிடிப்பது போன்றவையும், ஒன்று. அந்த ஊரிலேயே துருவைப் பட்டிக்கு அடியில் புதைப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

பள்ளத்தூர் வாசகி: தம்பி, தேய்த்துவிட்டு நல்ல நாள் பார்த்துப் பிரைமர் அடிக்கலாமா?

ஆச்சி, நாளைத் தேய்ப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வெறுந்தகடு ஓர் இரவிலேயே செம்பட்டை பூத்துவிடும். தேய்த்த அன்றே எபாக்ஸி பிரைமர் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு) ஏறிவிட வேண்டும். வெறுங்கையால் தொடவும் கூடாது, வியர்வை உப்பு தங்கிவிடும். பிரைமருக்கு முன் ஒரு துணியில் பிசுக்கு எடுக்கும் துடைப்புத் திரவம், அது காய்வதற்குள் மறு துணியால் ஒற்றி எடுப்பது. தகட்டு இணைப்புகளுக்கு சீலர் வைப்பது எபாக்ஸிக்குப் பிறகு. கோடையில் செம்மண் புழுதி எழும்பும். கொட்டகைத் தரையை நனைத்துக்கொள்ளுங்கள்.

புதுவயல் வாசகர்: சூடு தாங்கும் பெயிண்ட் வேண்டுமா?

அறையின் தகடுகளுக்கு வேண்டாம். என்ஜினின் சூடான புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டுக்குத்தான் அது. பிரேக் ஆயில் கசிவை மட்டும் முன்னதாகச் சரிசெய்யுங்கள், புதுப் பெயிண்டையும் அரித்துவிடும். ஹார்டனர் கலக்கும் பெயிண்ட் பலவற்றில் ஐசோசயனேட் என்ற நச்சு ரசாயனம் இருக்கிறது. துணி முகக்கவசம் நுரையீரலைக் காக்காது. தேய்ப்பதை வீட்டில் செய்யுங்கள், ஸ்பிரேயை உரிய பாதுகாப்பு உள்ள பட்டறையில் கொடுங்கள்.

கோட்டையூர் வாசகர்: நிறத்தையே மாற்ற நினைக்கிறேன்.

மாற்றலாம், ஆனால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சேஸிஸ் எண் பொறித்த இடத்தில் இன்றே மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிடுங்கள். அங்கே உப்புத்தாளும் படக்கூடாது, பட்டியும் ஏறக்கூடாது.