சோதனை ஒப்பந்தம் யாருக்கு லாபம்?

கேள்வி: ஐஸ் ஹாக்கியில், வட அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.எச்.எல். அணிகள் இருபது, இருபத்தொரு வயதுப் பையன்களுக்கு எட்டு ஆண்டு ஒப்பந்தம் தந்துவிடுகின்றன. இரண்டு, மூன்று ஆண்டுக்கு 'பிரிட்ஜ்' எனும் சோதனை ஒப்பந்தம் போட்டு, ஆட்டத்தைப் பார்த்த பிறகு பெரிய தொகை தருவதுதானே விவேகம்?
- ஒரு வாசகர், ஸ்கார்பரோ

பதில்: பெரும்பாலும் அது விவேகம் அல்ல, பயம். மான்ட்ரியல் அணியைப் பாருங்கள். 2013 ஜனவரியில் பி.கே. சுப்பனுக்கு இரண்டு ஆண்டுக்கு 57.5 லட்சம் டாலர் தந்தார்கள். அதே சீசனில் அவர் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நோரிஸ் விருதை வென்றார். 2014 ஆகஸ்டில், சம்பளத் தகராறு நடுவர் விசாரணை வரை போன பிறகு, எட்டு ஆண்டுக்கு 7.2 கோடி டாலர் கொடுத்தார்கள். 28.75 லட்சமாக இருந்த ஆண்டுச் சராசரி 90 லட்சமாக ஏறியது. பார்த்துவிட்டுக் கொடுத்ததன் விலை அது.

ஓர் அணி தரும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உள்ள லீக்கில் எந்த முதலாளியாலும் பணத்தைக் கொட்டிப் பிழையைச் சரிசெய்ய முடியாது. ஒருவருக்குக் கூடுதலாகப் போகும் ஒவ்வொரு டாலரும் இன்னொருவருக்கான இடத்தை அடைக்கிறது. கொலராடோ இதைப் புரிந்துகொண்டது. 2016 ஜூலையில் நேதன் மெக்கின்னனுக்கு வயது 20. ஆண்டுக்கு 63 லட்சம் வீதம் ஏழு ஆண்டுக்குக் கையெழுத்து வாங்கினார்கள். முதல் சீசனில் அவர் எடுத்தது 53 புள்ளி (கோலும், கோலுக்குச் செய்த உதவியும் சேர்த்து). அணி லீக்கிலேயே கடைசி இடம். அன்று உங்கள் கேள்வியைக் கேட்டிருந்தால் பலர் தலையாட்டியிருப்பார்கள். அடுத்த சீசனில் 97 புள்ளி. 2022இல் லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்றபோதும் அவருக்கு அதே 63 லட்சம்தான்.

பிரிட்ஜ் ஒப்பந்தமே கூடாது என்று சொல்லவில்லை. டாம்பா பே, பிரேடன் பாயின்ட்டை 2019இல் மூன்று ஆண்டுக்கு 67.5 லட்சம் வீதம் ஒப்பந்தம் செய்தது. கோப்பைக்குத் தயாராக இருந்த அணி அது. மிச்சப்பட்ட பணம் அந்த மூன்று ஆண்டுக்குள்ளேயே பயன்பட்டது. 2020, 2021 இரண்டு ஆண்டும் கோப்பை அவர்களுக்கு. இரண்டு பிளே ஆஃப் தொடர்களிலும் பாயின்ட் 14 கோல் அடித்தார். பிறகு மனநிறைவோடு 95 லட்சம் வீதம் எட்டு ஆண்டு கொடுத்தார்கள்.

வான்கூவரும் 2021இல் எலியாஸ் பீட்டர்சனுக்கு 73.5 லட்சம் வீதம் மூன்று ஆண்டு பிரிட்ஜ்தான் போட்டது. ஆனால் அதில் முதல் இரண்டு ஆண்டும் பிளே ஆஃப் பக்கமே போகவில்லை. இடையில் அவர் 102 புள்ளி எடுத்தார், விலை ஏறியது. 2024 மார்ச்சில் ஆண்டுக்கு 1.16 கோடி வீதம் எட்டு ஆண்டு ஒப்புக்கொண்டார்கள். அடுத்த சீசனில் அவர் எடுத்தது 45 புள்ளி. குறைந்த விலையின் பலனும் கிடைக்கவில்லை, ஆபத்தும் தீரவில்லை. அதே 2021இல், அதே நாளில், குவின் ஹியூஸுக்கு ஆறு ஆண்டு தந்திருந்தார்கள். 2024இல் அவர் நோரிஸ் விருது வாங்கியபோதும் சம்பளம் பழைய 78.5 லட்சம்தான்.

ஆகவே, பையன் தகுதியை நிரூபித்துவிட்டானா என்று கேட்பதைவிட, மிச்சப்படும் பணத்தை எந்த ஆண்டு செலவழிக்கப் போகிறீர்கள் என்று நிர்வாகத்தைக் கேளுங்கள். பதில் இல்லாத நிர்வாகம் பிரிட்ஜ் போடுவது அந்த இளைஞனுக்கும் அநியாயம். முழங்கால் போனால் நஷ்டம் அவனுடையது. 27 வயதோ ஏழு சீசனோ ஆகும்வரை அவனால் விருப்பப்பட்ட அணிக்குப் போகவும் முடியாது.

இப்போது உச்சவரம்பு வேகமாக ஏறுகிறது: 2024-25இல் 8.8 கோடி, 2025-26இல் 9.55 கோடி. சீக்கிரமே புது விலை பேசலாம் என்பதால், குறுகிய ஒப்பந்தத்தை இனி வீரர்களே கேட்பார்கள். உங்கள் ஊர் டொரான்டோ அணியின் ஆஸ்டன் மேத்யூஸ் 2019இலேயே எட்டு ஆண்டு வேண்டாம், ஐந்து போதும் என்று கையெழுத்திட்டவர். அது முடிந்ததும் அவருடைய ஆண்டுச் சம்பளம் 1.16 கோடியிலிருந்து 1.325 கோடி ஆனது.