பேராசிரியரிடம் கேளுங்கள்: ஆய்வேடு கட்டுரையாகும்போது

கேள்வி: அம்மா, நான் அரசு நடுநிலைப் பள்ளியில் கணித ஆசிரியை. ஆறாம் வகுப்பில் பின்னங்களைச் செயல்வழியில் கற்பித்துப் பார்த்ததே என் முனைவர் பட்ட ஆய்வு. 240 பக்க ஆய்வேட்டைச் சுருக்கிக் கல்வியியல் ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். 'புதிதாக என்ன சொல்ல வருகிறீர்கள் என்று விளங்கவில்லை' என ஒன்பதே நாளில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கே தவறினேன்? – ஓர் ஆசிரியை, சங்கரன்கோவில்

பதில்: 'சுருக்கி' என்று எழுதியிருக்கிறீர்களே, தவறு அங்கேதான் தொடங்கியது. துறையை முழுக்கப் படித்திருக்கிறீர்கள் என்று தேர்வாளர்களுக்குக் காட்டுவதற்காக எழுதியது ஆய்வேடு. இதழின் வாசகருக்கு அந்தச் சான்று தேவையில்லை. ஒரு கேள்வி, அதற்கு உங்களிடம் உள்ள விடை, அந்த விடையை ஏன் நம்பலாம் என்பது, இவ்வளவே அவருக்கு வேண்டும்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய படியை இரண்டு முறை படித்தேன். முதல் ஏழு பக்கங்களில் கல்வியின் நோக்கமும் கணிதத்தின் சிறப்பும்தான் இருக்கின்றன. உங்கள் பிள்ளைகள் பதினோராம் பக்கத்தில்தான் வாய் திறக்கிறார்கள். காகிதப் பட்டையை மடித்துப் பார்த்த பிறகும் ஐந்து பேர் 1/2 + 1/3 = 2/5 என்றே எழுதினார்கள் என்று ஒரு வரி அங்கே வருகிறது. அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 2/5 அரையைவிடச் சிறியது. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் எப்படிக் குறையும் என்ற ஐயம், பட்டையைக் கையில் வைத்திருந்த அந்த ஐவருக்கும் ஏன் எழவில்லை? உங்கள் கட்டுரை இதுதான் அம்மா! தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டிவிடும் இந்தப் பழக்கத்தை, முழு எண் சார்பு என்று பெயரிட்டுப் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். அவற்றில் உங்கள் கேள்வியைத் தொடுபவற்றை மட்டும் இரண்டு பக்கத்தில் சொல்லிவிட்டு வகுப்பறைக்குள் வந்துவிடுங்கள்.

அந்த வகுப்பறையைத்தான் நீங்கள் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். 'பரிசோதனைக் குழுவுக்குச் செயல்வழியில் கற்பிக்கப்பட்டது' என்று ஒரே வாக்கியம். எத்தனை பாடவேளை? பட்டையை மடித்தது நீங்களா, பிள்ளைகளா? மடித்ததை எண்ணாக எழுதச் சொன்னது எப்போது? வேறோர் ஊர் ஆசிரியர் இதைப் படித்துத் தம் வகுப்பில் செய்து பார்க்க முடிய வேண்டும். மதிப்பாய்வுக்காக என்னிடம் வந்த கட்டுரைகளில் பெரும்பாலும் இந்த இடம் காலியாகவே இருந்தது. நல்ல ஆசிரியர்கள் தாங்கள் செய்ததைச் சொல்லவே கூசுவது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

6அ, 6ஆ பிரிவுகளை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டு, 'சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்பட்டனர்' என்று எழுதியிருப்பதை இன்றே நீக்குங்கள். பிரித்தது குலுக்கல் அல்ல, பள்ளி; ஆகவே இது அரைப் பரிசோதனை. அதில் இழுக்கு ஒன்றுமில்லை. முன்தேர்வு மதிப்பெண்களைக் காட்டி, இரு பிரிவும் எங்கிருந்து தொடங்கின என்று சொல்லுங்கள். உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பைச் சொல்லும் பி மதிப்பு, அட்டவணையில் .000 என்றிருக்கிறது. எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருள் மூன்று தசம இடத்தோடு நிறுத்திக்கொள்வதால் வரும் சுழிகள் அவை, '.001-ஐவிடக் குறைவு' என்று எழுதுவதே முறை. வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்குக் கோஹனின் டி மதிப்பையும் தாருங்கள். 0.2 சிறியது, 0.5 நடுத்தரம், 0.8 பெரியது என்பது பொதுவான அளவுகோல்.

இன்னொன்று. இத்தகைய இதழ்கள் பலவும் எழுதியவர் யார் என்பதை மதிப்பாய்வாளருக்குக் காட்டுவதில்லை. பெயர், பள்ளி, நன்றியுரை எல்லாம் தனிக் கோப்பில் செல்ல வேண்டும். உங்கள் வேர்டு கோப்பின் பண்புகளில் உங்கள் பெயர் இன்னும் இருக்கிறது. 1994-இல் நான் தட்டச்சு செய்து அஞ்சலில் அனுப்பிய மூன்று படிகளிலும், ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் என் கல்லூரிப் பெயர் இருந்தது. ஐந்து மாதம் காத்திருந்தேன். யாரும் படிக்காமலே திரும்பி வந்தது.

கேள்வி: '4,500 ரூபாய் கட்டினால் நான்கு நாளில் வெளியிடுகிறோம், ஐ.எஸ்.எஸ்.என். எண் உண்டு' என்று வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. அனுப்பலாமா? – ஆய்வு மாணவர், திருச்சி

பதில்: அனுப்பாதீர்கள். ஐ.எஸ்.எஸ்.என். என்பது இதழை அடையாளம் காட்டும் எட்டு இலக்க எண். தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. கட்டணம் வாங்கும் நல்ல இதழ்களும் உண்டு. ஆனால் துறை அறிந்த இருவர் கட்டுரையைப் படித்துக் கருத்து எழுத நான்கு நாள் போதாது. பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.), ஏற்கத்தக்க இதழ்களைத் தொகுத்துத் தந்த தன் கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டதால், இதழைச் சோதிக்கும் பொறுப்பு உங்களுடையதும் நெறியாளருடையதும்தான். அந்த இதழின் பழைய வெளியீடுகளிலிருந்து மூன்று கட்டுரைகளை முழுதாகப் படியுங்கள். ஆசிரியர் குழுவில் இருப்பதாகச் சொல்லப்படுபவரின் பல்கலைக்கழகப் பக்கத்தைப் பாருங்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை யு.ஜி.சி. 2022-இலேயே நீக்கிவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனி விதி வைத்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அவசரப்படாமல் எழுதுங்கள்.

கேள்வி: சமர்ப்பிக்கும் படிவம் குடும்பப் பெயர் இல்லாமல் நகர மறுக்கிறது. எனக்கு முன்னெழுத்து மட்டும்தான். என்ன செய்வது? – விரிவுரையாளர், தருமபுரி

பதில்: முன்னெழுத்தை விரித்துத் தந்தை பெயரையோ தாய் பெயரையோ அந்தக் கட்டத்தில் இடுங்கள். முதல் கட்டுரையில் இட்டதையே, அதே எழுத்துக்கூட்டலில், கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை முன்னெழுத்து, மறுமுறை கணவர் பெயர் என்று மாற்றினால் தேடுதளங்களில் இரண்டு ஆட்களாகிவிடுவீர்கள். பெயர் எப்படி எழுதப்பட்டாலும் ஆய்வாளரை அடையாளம் காட்டும், கட்டணமில்லாமல் கிடைக்கும் 16 இலக்க ஆர்கிட் எண்ணை, கட்டுரையை அனுப்புவதற்கு முன்பே பதிந்து பெற்றுவிடுங்கள்.