அப்பாவின் பக்கவாதமும் ஏறிக்கொண்டே போகும் நகைக்கடனும்

கேள்வி: என் தந்தைக்கு வயது 68. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் செயலிழந்தன. இப்போது ஊன்றுகோலுடன் வீட்டுக்குள் நடக்கிறார்; கை மட்டும் வரவில்லை. இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல்) எடுத்து முதுகுத்தண்டில் செலுத்தினால் கை சரியாகும் என்று ஒரு தனியார் மையத்தில் சொல்கிறார்கள். மூன்று தடவைக்கு 9 லட்சம்; முன்பணமாக 50,000 கட்டிவிட்டேன். வீட்டுப் பத்திரத்தை வைத்தாவது தம்பிக்குச் செய் என்று அத்தை வற்புறுத்துகிறார். மையமே வட்டியில்லாத் தவணைக்கும் ஏற்பாடு செய்கிறது. என் கைக்கு வரும் சம்பளம் 52,000. அம்மாவின் நகைமீது 6 லட்சமும், தனிநபர் கடன் 4 லட்சமும் ஏற்கெனவே இருக்கின்றன. எந்தக் கடன் மலிவு? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: கடிதத்துடன் நீங்கள் அனுப்பியிருந்த நகைக்கடன் ரசீதுகளை முதலில் பார்த்தேன். மருத்துவமனைச் செலவுக்காக 2.5 லட்சத்துக்கு வைத்த அதே நகைகளை, தங்கத்தின் விலை ஏறியதும் எண்ணெய்ச் சிகிச்சைக்காக 4 லட்சத்துக்கும், பின்னர் 6 லட்சத்துக்கும் மாற்றி வைத்திருக்கிறீர்கள். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. கடைசியாக வாங்கிய கூடுதல் 2 லட்சத்தில் ஏறத்தாழ 38,000 பழைய வட்டிக்கே போயிருக்கிறது. அதாவது வட்டியையும் கடன் வாங்கித்தான் கட்டியிருக்கிறீர்கள். வீட்டில் ஒருவர் புதிதாக ஒரு சிகிச்சையைச் சொல்லும்போதெல்லாம் தங்கத்தின் விலையேற்றத்தை வருமானமாக எண்ணி அடகுத் தொகையை உயர்த்தும் இந்தப் பழக்கம்தான் உங்களை அரிக்கிறது. 9 லட்சம் அதன் அடுத்த படி. இம்முறை நகைக்குப் பதிலாக வீடு.

நகைக்கடனுக்கு 9.5 சதவீதம் என்றால் மாதம் 4,750 வட்டி. தனிநபர் கடன் தவணை 9,300. வீட்டின்மீது 9 லட்சத்தை 11 சதவீத வட்டியில் பத்தாண்டுக்கு வாங்கினால் தவணை சுமார் 12,400 வரும். மூன்றும் சேர்ந்து 26,450, சம்பளத்தில் பாதிக்கு மேல். அந்த 9 லட்சத்துக்கு நீங்கள் திருப்பிக் கட்டுவது ஏறத்தாழ 15 லட்சம். வட்டியில்லாத் தவணை என்பதை நம்ப வேண்டாம். முழுத் தொகையையும் ஒரே முறையில் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் குறைப்புத்தான் வட்டி. கடன் நிறுவனம் மையத்துக்குப் பணம் கொடுத்துவிட்ட பிறகு, கை வந்தாலும் வராவிட்டாலும் தவணை உங்களுடையது.

இனி, அந்தப் பணம் எதை வாங்குகிறது என்று பார்ப்போம். நான் மருத்துவனல்லன், ஆனால் 9 லட்சம் கேட்கும் எதற்கும் ஆதாரம் கேட்பது என் தொழில். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, சில இரத்த நோய்கள் முதலானவற்றுக்கான மஜ்ஜை மாற்று போக, மற்ற ஸ்டெம் செல் பயன்பாடு எதுவும் அனுமதிக்கப்பட்ட ஆய்வுக்கு வெளியே நடக்கக் கூடாது. நடந்தால் அது தொழில்முறைத் தவறு. ஆய்வாக நடந்தால் பங்கேற்பவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. ஆக, உங்களிடம் 9 லட்சம் கேட்பவர் ஆய்வு என்று சொன்னாலும் சிகிச்சை என்று சொன்னாலும் இடிக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் ஸ்டெம் செல் சிகிச்சையில் இரத்த நோய்க்கான மஜ்ஜை மாற்றைத்தான் காப்பீட்டுக்குள் வரச் சொல்லியிருக்கிறது. எனவே பாலிசியிலிருந்து பணம் வரும் என்று ஏஜெண்ட் சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

நம் நாட்டிலேயே ஐந்து மையங்களில் 120 பக்கவாத நோயாளிகளிடம் மஜ்ஜை செல்களை நரம்பூசி வழியாகச் செலுத்திப் பார்த்த ஆய்வு 2014இல் வெளியானது. பாதுகாப்பானதாகத் தெரிந்தது, ஆனால் செல் பெற்றவர்கள் பெறாதவர்களைவிடக் கூடுதலாகத் தேறவில்லை. ஜப்பானில் 206 பேரிடம், பக்கவாதம் வந்து ஒன்றரை நாளுக்குள் கொடையாளர் செல்களைச் செலுத்திய சோதனையும் முதன்மை இலக்கை, அதாவது முன்கூட்டியே குறித்துவைத்த முக்கியப் பலனை, எட்டவில்லை. உங்கள் தந்தையைப் போல நாள்பட்டவர்களின் மூளையிலேயே செல்களைச் செலுத்திய சான்பயோ நிறுவனத்தின் சோதனைக்கும் 2019இல் அதே முடிவு. பெரிய நிறுவனங்கள் இவ்வளவு செலவழித்தும் காட்ட முடியாத பலனை ஒரு தனி மையம் விலைப்பட்டியலில் போட்டு விற்கிறது. ஆபத்தே இல்லை என்பதும் சரியன்று: பக்கவாதத்துக்காகச் சீனா, அர்ஜென்டினா, மெக்சிகோ ஆகிய நாடுகளில் ஸ்டெம் செல் செலுத்திக்கொண்ட ஓர் அமெரிக்கருக்கு முதுகுத்தண்டில் கட்டி வளர்ந்ததும், அது பிறர் செல்களிலிருந்து வந்ததென்று கண்டறியப்பட்டதும் 2016இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது நகைக்கடனை முடிப்பது. அம்மாவுக்கு மனம் வராது என்பது தெரியும். ஆனால் அடகிலேயே இருக்கும் நகையை அவரும் அணியப் போவதில்லை. 6 லட்சத்துக்கு ஈடான நகைகளை விற்றுக் கடனை அடைத்து, மீதியை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். விற்பனை ரசீது அம்மாவின் பெயரிலேயே இருக்கட்டும். இரண்டாண்டுக்கு மேல் வைத்திருந்த நகையின் ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரி உண்டு என்றாலும், வேறு வருமானம் இல்லாத அவருக்கு வருமான வரியில் உள்ள அடிப்படை விலக்கு வரம்பு அதில் பெரும்பகுதியைத் தாங்கும்.

மிச்சமாகும் 4,750 ரூபாய்க்கு, ஒரு தடவைக்கு 500 என்று வைத்தால், மாதம் ஒன்பது தடவை பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருவார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துவிட்டால் இதிலும் செலவு குறையும். இரத்த அழுத்த மாத்திரையும் அங்கேயே கிடைக்கும். அது ஒரு நாளும் தவறக் கூடாது. இரண்டாவது பக்கவாதம் வந்தால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது.

அத்தையிடம் வாக்குவாதம் வேண்டாம். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டி, தம்பிக்குச் செய்ய விரும்பினால் மாதம் 3,000 பிசியோதெரபிக்குத் தரச் சொல்லுங்கள். ஆறு தடவை கூடும். கட்டிய 50,000 முன்பணத்துக்கு ரசீது இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வுப் பதிவு எண்ணையும் நெறிமுறைக் குழுவின் அனுமதியையும் எழுத்தில் கேட்டுப் பதிவுத் தபால் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்க அந்தத் தபால் ரசீதும் உதவும்.