வயலின் கலைஞர்கள் கண்டக்டர் ஆவது கை ஓய்ந்துபோவதாலா?

கேள்வி: டேவிட் ஓய்ஸ்திராக் போன்ற மாபெரும் வயலின் கலைஞர் கடைசிக் காலத்தில் ஏன் கண்டக்டர் (ஆர்க்கெஸ்ட்ராவை முன்னால் நின்று நடத்துபவர்) ஆனார்? கை ஓய்ந்துவிட்டதா?

என்னிடமும் இதைச் சிலர் கேட்டதுண்டு, பாதிச் சிரிப்போடு. அதனால்தான் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்கள் அநேகமாக அவர் குச்சியோடு நிற்கும் பழைய வீடியோ ஏதோ பார்த்திருப்பீர்கள். கீழே யாராவது 'பாவம், ஹார்ட் பேஷன்ட்' என்று எழுதியிருப்பார்கள்.

மாரடைப்பு வந்தது உண்மை, 1964இல். ஆனால் கண்டக்டராக அவர் மாஸ்கோவில் மேடை ஏறியது 1962இல். எது முதலில் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் வயலினை அவர் கீழே வைக்கவில்லை. 1967இல் சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் இரண்டாவது வயலின் கன்செர்ட்டோவை (தனி வயலினும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது) அரங்கேற்றியவரே அவர்தான். அது அவருடைய 60ஆவது பிறந்தநாளுக்கு என்று எழுதியது. ஷோஸ்டகோவிச் ஒரு வருஷம் முன்கூட்டியே எண்ணிவிட்டார்! சரிக்கட்ட அடுத்த வருஷம் ஒரு சொனாட்டாவும் (வயலினும் பியானோவும் மட்டும் வாசிப்பது) எழுதிக் கொடுத்தார். 1970களின் தொடக்கத்தில் பெர்லின் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவோடு மொசார்ட் பதிவுகள்: தானே வாசித்து, தானே நடத்தினார். அதில் ஒன்றில் மகன் இகோர் வயலின், அப்பா வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது, கனத்த குரல்). வயோலா சொல்லும் பதில்களை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

(இன்றைய உக்ரைனில் இருக்கும் ஒடெசாவில் பிறந்த யூதர், அவரை ரஷ்யர் என்று எழுதலாமா என்று யாராவது வருவார்கள். நானும் சோவியத் கலைஞர் என்றே சொல்கிறேன். 1908இல் பிறந்து அங்கே ஸ்டோலியார்ஸ்கி என்ற வயலின் ஆசிரியரிடம் கற்றவர், பிறகு வாழ்ந்ததும் பாடம் சொன்னதும் மாஸ்கோவில். அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.)

அவருக்கும் எனக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சென்னையில் சினிமா ரெக்கார்டிங்கில் வாசித்தவன். செகண்ட் வயலின், கடைசி வரிசை. ஒருநாள் வழக்கமாக நடத்துகிறவர் வரவில்லை. இசையமைப்பாளர் கீபோர்டிலிருந்து வந்தவர், பெயர் வேண்டாம். கன்சோல் ரூமிலிருந்து 'சாஃப்ட்டா சார், இன்னும் சாஃப்ட்டா' என்று ஹெட்போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். டேக் மேல் டேக். சத்தம் குறைந்தது, கூடவே உயிரும் போனது. பொறுக்க முடியாமல் எழுந்து முன்னால் போய், 'எல்லாரும் வில்லோட நுனிக்குப் போங்க. 'அப்-போ'ல, அதாவது வில்லை நுனியிலிருந்து மேலே தள்ளி, ஆரம்பிங்க. பிடிப் பக்கம் வரவே வேண்டாம்' என்றேன். ஸ்டாண்டில் இருந்த நோட்டேஷனில் எல்லாரும் பென்சிலால் குறித்துக்கொண்டார்கள். அடுத்த டேக்கிலேயே ஓகே. உள்ளேயிருந்து, 'சார், நீங்க அங்கேயே நில்லுங்க' என்று குரல் வந்தது. அன்றிலிருந்து பல செஷன்களில் முன்னால் நின்றேன். எனக்கு அப்போது கையும் நன்றாகத்தான் இருந்தது, தோளும் நன்றாகத்தான் இருந்தது.

என்ன சத்தம் வேண்டும் என்பது கீபோர்டுக்காரருக்கும் தெரியும். அது வில்லின் எந்த இடத்தில் இருக்கிறது என்பது வாசிக்கிறவனுக்குத்தான் தெரியும். பியானோவிலிருந்து வந்த மாபெரும் கண்டக்டர்கள் இருக்கிறார்கள், தெரியும், கமெண்டில் பட்டியல் போட வேண்டாம்.

ஓய்ஸ்திராக் இசையமைப்பாளரிடமே வாசிப்பவனின் பக்கத்தைப் பேசியவர். ஷோஸ்டகோவிச்சின் முதல் கன்செர்ட்டோ 1948இல் முடிந்தது. அந்த பிப்ரவரியில் இசையமைப்பாளர்களைக் கண்டித்துக் கம்யூனிஸ்ட் கட்சியின் தீர்மானம் வந்து ஷோஸ்டகோவிச்சின் பெயர் கெட்டுப்போன நேரம், அதனால் ஏழு வருஷம் வெளியே வரவில்லை. 1955இல் லெனின்கிராடில் கண்டக்டர் ம்ராவின்ஸ்கி நடத்த, ஓய்ஸ்திராக் வாசித்தார். அதில் மூன்றாம் பகுதியின் முடிவில் ஒரு நீண்ட கடென்சா, அதாவது ஆர்க்கெஸ்ட்ரா இல்லாமல் வயலின் மட்டும் ஒலிக்கும் இடம், தனி ஆளாக வாசித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிடும். முதலில் எழுதியபடி, அது முடிந்த கையோடு கடைசிப் பகுதியையும் வயலின்தான் ஆரம்பிக்க வேண்டும். 'அந்த முதல் சில பார்களை (தாளக் கட்டங்களை) ஆர்க்கெஸ்ட்ராவுக்குக் கொடுங்கள், நெற்றி வேர்வையையாவது துடைத்துக்கொள்கிறேன்' என்கிற மாதிரி இவர் கேட்டார். ஷோஸ்டகோவிச் உடனே மாற்றிக் கொடுத்தார். இன்றுவரை உலகமெங்கும் சோலோயிஸ்ட்டுகள் அந்த இடத்தில் வேர்வை துடைப்பது இவர் புண்ணியத்தில்தான். ஆர்க்கெஸ்ட்ராவில் யார் எப்போது மூச்சு விடவேண்டும் என்று யோசிக்கிற ஆள் குச்சியைக் கையில் எடுத்ததில் என்ன ஆச்சரியம்?

1974 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமுக்குப் போனதும் இசையமைப்பாளர் பிராம்ஸின் படைப்புகளைக் கச்சேரிகளில் நடத்தத்தான். அங்கேயே இதயம் நின்றது. ஓயாமல் வேலை செய்தார் என்று குறை சொல்லலாம். வெளிநாட்டில் சம்பாதித்ததில் பெரும்பங்கு அரசாங்கத்துக்குப் போனது, அது வேறு கதை.

பணம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். இப்போது ஆறு பேரைக் கூப்பிட்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லி, கம்ப்யூட்டரில் மேலே மேலே அடுக்கிக்கொள்கிறார்கள். மிச்சத்தை சாம்பிள் (முன்பே பதிந்து வைத்த ஒலி) போட்டு நிரப்புகிறார்கள். சம்பளம் ஆறு பேருக்கு, அதுவும் ஒருமுறை வாசித்ததற்கு. போன வருஷம் அப்படி ஒரு பாட்டு வெளிவந்தபோது 'நாற்பது பேர் லைவ் ஸ்ட்ரிங்ஸ்' என்று பேட்டியில் பெருமையாகச் சொன்னார்கள். எங்களுக்கு அன்றைய பேட்டாவே இன்னும் வரவில்லை.